மரம் காய்ந்திருக்கிறதா?

புதிதாகக் கெமரா வாங்கிய பிள்ளைகள் என்னிடம் வந்து முதலில் விசாரிப்பது லென்ஸைப் பற்றி. நான் திருப்பிக் கேட்பது வேறு: "காலையில உங்க தோட்டத்தில ரப்பர் பால் வெட்டினாங்களா?" பலர் விழிப்பார்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் விழிப்பதுதான் எனக்கு வேடிக்கை.

எட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன் நான். 1972இல் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் கையாளாகச் சேர்ந்தேன். கல்யாணம், சடங்கு, அடையாள அட்டைப் படம் என்று எடுத்து வயிறு வளர்த்தேன். மிச்சமான நேரத்தில் மலையை எடுத்தேன். கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரண்டு மாவட்டங்களுக்குள்ளேயே ஐம்பது வருஷம் ஓடிவிட்டது. இரத்தினபுரியில் வருஷத்துக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, யாழ்ப்பாணத்தில் பெய்வதைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேலே. காலையில் மூடுபனி, பத்து மணிக்கு வெயில், இரண்டு மணிக்கு இடி, ஐந்து மணிக்குத் தங்கம் உருக்கி ஊற்றியது மாதிரி வெளிச்சம் என்று ஒரே நாளில் நாலு முகம் காட்டுகிற ஊர். வெயில் வரட்டும் என்று காத்திருப்பவனுக்கு இங்கே படம் கிடையாது.

பிள்ளைகள் கேட்டதால், நினைவுக்கு வருகிற வரிசையில் எழுதித் தருகிறேன்.

1. முதலில் பால் வெட்டுகிறவரைப் பாருங்கள்.

போனில் வானிலை பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாருங்கள். ஆனால் அது மாவட்டத்துக்கு ஒரு மேகத்தைப் போட்டுக் காட்டும். நம் இரத்தினபுரி மாவட்டத்தில் ஒரு முனையில் களுகங்கைக் கரை, மறு முனையில் 2,243 மீட்டர் உயரத்தில் சிவனொளிபாதமலை. பலாங்கொடையில் சட்டை காயும் நேரத்தில் குருவிட்டயில் ஊற்றும். அந்த ஒரு மேகம் இதில் எந்த மலையைச் சொல்கிறது?

பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழும்பி, லயத்து முன் திண்ணையான இஸ்தோப்புக்கு வந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். பிறகு பக்கத்து மரத்துப் பட்டையைத் தடவுவார். அவருடைய வானிலை அறிக்கை அவ்வளவுதான். பட்டை ஈரமாக இருந்தால் வெட்டின கோட்டில் பால் ஓடாது, பட்டை முழுக்கப் பரவி வீணாகும். சிரட்டையில் பாலோடு மழைத்தண்ணீரும் சேரும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் காலையில் விட்டதை மத்தியானம் பிடிக்கவும் முடியாது. வெட்டு இல்லை என்றால் அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் இல்லை, பேர் இல்லை என்றால் சம்பளம் இல்லை. சம்பளத்தை வைத்து வானம் பார்க்கிறவரைப் போல யாரும் வானம் பார்க்க முடியாது. இப்போது பல மரங்களுக்கு வெட்டுக்கு மேலே பொலித்தீன் பாவாடை கட்டி மழையைத் தடுக்கிறார்கள். அப்படியும் கனத்த மழைக்கு அது தாங்காது.

அவர் கத்தியும் வாளியுமாக இறங்கிவிட்டாரா, கெமராவோடு நீங்களும் இறங்கலாம். பத்து மணி வரைக்கும் அநேகமாகப் பயமில்லை. அவர் திரும்பி உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணி குடிக்கிறாரா, உறையை மாட்டுங்கள். நான் இத்தனை வருஷத்தில் கண்ட கணக்கு ஒன்று உண்டு. மழை வரும் என்று அவர் சொன்னால் வரும். வராது என்று மட்டும் அவர் ஒருநாளும் சொல்ல மாட்டார்.

தேயிலைத் தோட்டமானால் கொழுந்துக்குப் போகிற அக்காமாரைப் பாருங்கள். இடுப்பில் கட்டும் படங்கோடு தலைக்கும் ஒரு பொலித்தீன் மடித்து எடுத்துப் போனால் மத்தியானத்துக்குள் மழை.

2. நம்ம பக்கம் சூரியன் பிந்தித்தான் வரும்.

நம் சப்ரகமுவ மாகாணத்துக்குக் கிழக்கே சிவனொளிபாதமலைத் தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. மஸ்கெலியாவில் வெயில் முகத்தில் அடிக்கும்போது தெரணியகலைக்கு மேலே மாலிபொடப் பக்கம் இன்னும் நிழல்தான். வானம் வெளுத்திருக்கும், தரையில் நிழலே விழாது. வெயில் மலையைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்குவதற்குச் சில இடங்களில் ஒரு மணி நேரம் கூட ஆகும். சூரியன் வந்ததும் ஆரம்பிக்கலாம் என்று பிள்ளைகள் கெமராவை மூடி வைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தைப் போல மென்மையான வெளிச்சம் இந்த மலையில் வேறு எந்த நேரத்திலும் கிடையாது. கரிய சிரட்டையில் வெள்ளைப் பால் சொட்டுவது அப்போது விளக்கு எரிகிற மாதிரித் தெரியும். வெயில் வந்த பிறகு எடுத்துப் பாருங்கள், வெறும் வெள்ளைப் பொட்டு.

டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைக்குப் போகிற காலம். உச்சியில் சூரியோதயம் பார்த்தவர்கள் திரும்பி மேற்கே பார்த்தால் மலையின் நிழல் பெரிய முக்கோணமாக மேகத்தின் மேல் கிடக்கும். மலை அவ்வளவு கச்சிதமான முக்கோணம் இல்லை. நீண்ட நிழல் தூரத்தில் ஒடுங்குவதால், தண்டவாளம் இரண்டும் தூரத்தில் ஒன்று சேர்வது போல, அப்படித் தெரிகிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே தள்ளி உதிப்பதால் நிழல் வடமேற்கே தெரணியகலைப் பக்கம் சாயும். ஏப்ரலில் குருவிட்டப் பக்கம் திரும்பும். ஆயிரக்கணக்கானோர் அதை மேலே நின்று எடுத்துவிட்டார்கள். அந்த நிழலுக்குள்ளே இருந்து, இன்னும் விடியாத லயத்தில் அடுப்புப் புகை தகரத்தின் மேல் தவழ்வதை எடுத்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

இன்னொன்று. காலையில் நமக்கு மறைக்கிற சுவர், மாலையில் நமக்கு வெள்ளித்திரை. மேற்கு வெயில் நேராக அதன் மேல்தான் அடிக்கிறது. மத்தியான மழை விட்டு ஐந்து மணிக்கு மேகம் பிளந்தால் ஈரப் பாறையும் புதிதாக விழுகிற அருவிகளும் பளிச்சிடும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மழைக்குப் பயந்து மூன்று மணிக்கே பஸ் ஏறிவிடுவார்கள். போகட்டும்.

3. பருவத்தை மரத்தில் பாருங்கள்.

ஜனவரி, பெப்ரவரியில் ரப்பர் இலை பழுத்துச் சிவந்து உதிரும். வருஷம் முழுக்க இருட்டாகக் கிடந்த தோட்டத்துக்குள் அப்போதுதான் வெளிச்சம் தரை வரைக்கும் வரும். பிறகு செம்பு நிறத்தில் துளிர் வரும். நம்மூரில் இலையுதிர் காலம் இல்லை என்று எழுதுகிறவர்கள் ரப்பர் மலைக்கு வந்ததில்லை. இரண்டு மூன்று கிழமைதான், தவறவிடாதீர்கள்.

மார்ச், ஏப்ரல் இடி மாதம். காலை கண்ணாடி மாதிரி இருக்கும், பின்னேரம் உடையும். ஏப்ரல் முதல் பாதியில் நண்பகலில் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கும். முக்காடு போட்ட அக்காமாரின் கண்கள் இரண்டு கரும்பள்ளமாக விழும். அந்த நேரத்தில் முகம் எடுக்காதீர்கள். மே மாதம் தென்மேல் பருவக்காற்று வந்து மலைச்சுவரில் மோதும். செப்டெம்பர் வரைக்கும் சாம்பல் நிறம். பலர் கெமராவைப் பூட்டி வைக்கும் காலம் அது. எனக்குப் பிடித்த படங்களில் பாதி அந்த மாதங்களில் எடுத்தவை. ஒக்டோபர், நவம்பரில் மறுபடி இடி.

4. மழை விட்ட பதினைந்து நிமிஷம்.

மழை காற்றைக் கழுவிவிடும். தூசி, புகை எல்லாம் அடங்கி, வழக்கமாக நீலமாக மங்கித் தெரிகிற தூர மலை பக்கத்தில் வந்து நிற்கும். கேகாலையிலிருந்து பார்த்தால் பத்தலேகல பாறையின் வெடிப்புகளைக் கூட எண்ணலாம். சூடேறின தார் ரோட்டில் ஆவி எழும்பும். பீலியில் தண்ணீர் இரண்டு மடங்கு கொட்டும். கதவைச் சாத்தியிருந்த லயத்தில் எல்லாரும் வெளியே வருவார்கள், பிள்ளைகள், கோழி, நாய் எல்லாம் ஒன்றாக. பிறகு மறுபடி ஆவி கிளம்பி மலை மூடிக்கொள்ளும். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நீங்கள் கடையில் ஒதுங்கி நின்றால் போச்சு. மழை குறையத் தொடங்கும்போதே, இன்னும் தூறிக்கொண்டிருக்கும்போதே, எடுக்கப்போகிற இடத்துக்குப் போய் நில்லுங்கள்.

ஈரத் தேயிலை கண்ணாடி மாதிரி வானத்தைத் திருப்பிக் காட்டும். படத்தில் பச்சையே வராது, வெள்ளையாக மினுங்கும். பொலரைசர் என்று லென்ஸ் முன்னால் திருப்புகிற கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதைத் திருப்பினால் மினுக்கம் போய்ப் பச்சை இறங்கும். வாங்குவதற்கு ஒரேயொரு ஃபில்டர் என்றால் இதை வாங்குங்கள். வெளிச்சத்தில் பாதிக்கும் மேலே அது தின்றுவிடும், கையை நடுங்கவிடாதீர்கள். போனில் எடுக்கிறவர்கள் இரண்டடி நகர்ந்து, மினுங்காத பக்கமாக நின்று எடுத்தாலே பாதிக் காரியம் ஆகும்.

வானவில்லுக்கும் கணக்கு உண்டு. சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம், 42 பாகையில்தான் அது நிற்கும். சூரியன் 42 பாகைக்கு மேலே இருந்தால் சமதரையில் நிற்கிறவனுக்கு வானத்தில் வில் தெரியாது. அதனால் நம்மூரில் மத்தியானம் வானவில் தேடாதீர்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு முதுகில் வெயில் படுகிற மாதிரி நின்று கிழக்கே பாருங்கள். பொலரைசரைத் தப்பான பக்கம் திருப்பினால் வில் காணாமல் போய்விடும். ஒரு தடவை அப்படித் தொலைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் "மறைஞ்சிருச்சே" என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கிறது.

5. மூட்டமான நாளில் மனுஷரை எடுங்கள்.

இதை எனக்குக் கற்றுத் தந்தது எந்தப் புத்தகமும் இல்லை. 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம். இந்திய வம்சாவளியினரான நம் மக்களில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று கணக்கு. நான் ஸ்டூடியோவில் சேர்ந்த காலத்தில் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க லயம் லயமாக வருவார்கள். சிலர் அதோடு ஒரு குடும்பப் படமும் கேட்பார்கள். போகிறவர்கள் பாதி, இருக்கிறவர்கள் பாதி. ஒரு வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. மறுபடி எல்லாரும் ஒரே படத்தில் நிற்கப்போவதில்லை என்று அவர்களுக்கும் தெரியும், எடுக்கிற எனக்கும் தெரியும்.

ஒரு ஜூன் மாதம். மூன்று நாளாக மழை. அப்படி இந்தியா போகிற ஒரு குடும்பம் சனிக்கிழமை தலைமன்னார் ரயில் ஏற வேண்டும். பெரியவர் நடக்க மாட்டார், ஸ்டூடியோவுக்கு அழைத்து வர முடியாது. முதலாளியின் யஷிகா கெமராவைத் தூக்கிக்கொண்டு நான் தோட்டத்துக்குப் போனேன். ஒரு ரோலில் 12 படம், அதில் இவர்களுக்கு மூன்று என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். வாசலில் நிறுத்த முடியவில்லை, மழை. உள்ளே காம்பராவில் இருட்டு. வேறு வழியில்லாமல் இஸ்தோப்பில் வரிசையாக நிறுத்தி, நான் வாசலில் குடைக்கடியில் நின்று எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது முதலாளி நிமிர்ந்து பார்த்தார். ஸ்டூடியோ விளக்கில் வராத வெளிச்சம் முகங்களில் இருந்தது. பெரியவரின் கன்னக்குழி, பிள்ளையின் காதுக்கம்மல், நடுவில் நின்ற அம்மாவின் நெற்றிச் சுருக்கம் எல்லாம் தனித்தனியாக.

காரணம் எளிது. மேகமூட்டமான வானம் மலைக்கு மலை விரித்த வெள்ளைக் குடை. இஸ்தோப்புக் கூரை மேலேயிருந்து வருவதைத் தடுத்து, வெளிச்சத்தை முன்னாலிருந்து மட்டும் அனுப்புகிறது. பின்னால் காம்பரா இருட்டு, அதுவே திரை. இன்றைக்கும் என்னிடம் பணமில்லை, ஃபிளாஷ் வாங்க முடியவில்லை என்று வருகிற பிள்ளைக்கு நான் சொல்வது இதுதான். ஒவ்வொரு லயத்திலும் பத்து ஸ்டூடியோ இருக்கிறது.

அந்த மூன்று படங்களில் ஒன்றில் கூட எல்லாரும் கண் திறந்திருக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

6. மூடுபனியில் கெமரா சொல்வதைக் கேட்காதீர்கள்.

கெமரா எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். வெள்ளையான மூடுபனியைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று குறைத்து, அழுக்குத் தண்ணீர் மாதிரி ஆக்கிவிடும். வெளிச்ச அளவை முக்காலிலிருந்து ஒரு ஸ்டொப் வரை கூட்டுங்கள். ரப்பருக்குள்ளே இதற்கு நேர்மாறு. இருட்டைப் பார்த்துப் பயந்து கூட்டிவிடும், இலைகளுக்கிடையே தெரிகிற வானம் வெந்து போகும். அங்கே குறைக்க வேண்டும். போனில் திரையைத் தொட்டால் பக்கத்தில் சூரியப் பொட்டு ஒன்று வரும், அதை இழுத்தால் கூடும் குறையும். புதிய போன்கள் மூடுபனியை ஏதோ குறை என்று எண்ணி அதைத் துடைத்துத் தெளிவாக்கிக் கொடுக்கின்றன. அதை நிறுத்துகிற வழி உங்கள் போனில் எங்கே இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளைக் கேளுங்கள், எனக்கு என் பேத்திதான் காட்டினாள்.

மூடுபனியை மட்டும் எடுத்தால் வெறும் வெள்ளைக் கடுதாசி. ஒரு மரம், ஒரு வளைவு, காலையில் ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் ஒரு ஆள், ஏதாவது கரியதாக முன்னால் இருக்க வேண்டும். எட்டியாந்தோட்டைக்கு மேலே வேவல்தலாவைக்கு ஏறுகிற பாதையில் இது நிறையக் கிடைக்கும்.

7. மழையையே எடுக்க வேண்டுமென்றால் பின்னால் இருட்டு வேண்டும்.

வெள்ளை வானத்துக்கு முன்னால் மழைக்கம்பி தெரியாது. ரப்பர் மரங்களுக்கு முன்னால் தெரியும். ஷட்டர் அறுபதில் ஒரு பங்கு நொடி என்றால் கம்பியாக விழும், ஐந்நூறில் ஒன்று என்றால் முத்தாக நிற்கும். எனக்குக் கம்பி பிடிக்கும்.

8. மழைப் படத்துக்குள் நிற்பது யார் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

1890இல் தொடங்கிய பிளாட்டே கம்பெனியும், அதற்கும் முன்னால் வந்த ஸ்கீன், ஸ்கோவன் ஸ்டூடியோக்களும் தோட்டங்களைப் படமெடுத்து உலகமெங்கும் விற்றார்கள். அந்தப் பழைய பட அட்டைகளில் என் கைக்கு வந்தவற்றைப் பார்த்தால் கூடையும் நகையுமாகப் பெண்கள் நேராக நிற்பார்கள். வெயில், சிரிப்பு. மழையே இல்லை. ஈரம் காயுமுன் பூசி, எடுத்து, கழுவ வேண்டிய கண்ணாடித் தகட்டை வைத்துக்கொண்டு அவர்களில் முந்தியவர்கள் மழையில் என்ன செய்வார்கள், பாவம். மலைக்கு அந்தப் பக்கம் டிக்கோயாவில் 1879இல் கண்மூடிய ஜூலியா மார்கரெட் கெமரன் அம்மையாரும் அப்படிப்பட்ட தகடுகளோடு மல்லுக்கட்டினவர்தான். இன்றைக்கு உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனால் சுற்றுலா விளம்பரங்களில் அதே வெயில், அதே சிரிப்புத்தான் இன்னும் வருகிறது.

மழையில் கொழுந்து எடுப்பது எப்படி என்று தெரிந்துகொண்டு எடுங்கள். ஈரக் கொழுந்து பாரம், ஆனால் தராசில் தண்ணீருக்கென்று கழிவு போடுவார்கள். அந்தத் தராசு முள்ளைப் பார்க்கிற முகத்தைப் போல ஒரு முகம் மலையில் வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. அதை எடுக்க இரண்டு வருஷம் பழகினேன். கங்காணியிடம் மட்டும் கேட்டால் போதாது, அந்த அக்காவிடமும் கேட்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு அவமானம் உண்டு. எண்பதுகளில் ஒரு மழை நாளில், பொலித்தீனைத் தலையில் போட்டுக்கொண்டு ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு அக்காவைக் கேட்டு எடுத்தேன். அடுத்த வருஷம் அதே மலையில் மறுபடி கெமராவைத் தூக்கினேன். "போன தடவ எடுத்தத எங்க தம்பி?" என்று கேட்டார். அந்தப் படம் அப்போது கொழும்பில் ஒரு கண்காட்சிச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு பிரதி கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு என் பையில் லென்ஸ் இருக்கிறதோ இல்லையோ, போன தடவை எடுத்தவர்களின் பிரதிகள் ஒரு கட்டு இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று சொல்லாதீர்கள், அச்செடுத்துக் கொடுங்கள். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கப் போனிலிருக்கிற படம் உதவாது.

9. எந்தப் படமும் உயிருக்கு ஈடில்லை.

இடி. மின்னலுக்கும் முழக்கத்துக்கும் இடையில் எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் முழங்கினால் ட்ரைபொட்டை மடக்கிக் கட்டடத்துக்குள் போங்கள். மொட்டை மேட்டிலும் தனி அல்பீசியா மரத்தடியிலும் நிற்காதீர்கள்.

ஆறு. கித்துல்கலயில் உங்கள் தலைக்கு மேலே வெயில் அடிக்கலாம். மேலே மலையில் பெய்த மழையோ, மின்நிலையத்தில் திறந்த தண்ணீரோ வந்து சேர்ந்தால் களனி கங்கை சொல்லாமல் ஏறும். 1957இல் வெளியான "பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்" படத்துக்குப் பாலம் கட்டின இடத்தைத் தேடி ஆற்று நடுப்பாறைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். பொபத் எல்ல அருவியிலும் இதே கதைதான். தண்ணீர் நிறம் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், உடனே கரை.

மண். 2016 மே 17இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. 2003 மே, 2017 மே வெள்ளங்களில் இரத்தினபுரி மூழ்கியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் செய்ததை நான் எழுதத் தேவையில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற கணக்கை மனப்பாடம் செய்யுங்கள்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் வெளியேற ஆயத்தம், 150 என்றால் சரிவை விட்டு வெளியேற வேண்டும். தரையில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிந்த ஊற்று திடீரென்று சேறாக வருவது, அல்லது நின்றே போவது, இவற்றைக் கண்டால் படம் எடுக்காதீர்கள். லயத்தில் போய்ச் சொல்லுங்கள். சரிவு நடந்த பிறகு அங்கே போய்க் கெமரா தூக்குவதைப் பற்றி என் அபிப்பிராயத்தை அச்சில் போட முடியாது.

10. பூஞ்சணம்.

மழையில் நனைந்த கெமராவை விட அலமாரியில் பத்திரமாக வைத்த கெமராதான் நம்மூரில் அதிகம் செத்திருக்கிறது. லென்ஸுக்குள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் படரும், நாளானால் கண்ணாடியையே அரிக்கும். தோல் உறைக்குள் போட்டு வைப்பதைப் போல் கெடுதல் வேறில்லை, தோல் ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும். அந்தக் காலத்தில் ஸ்டூடியோ அலமாரிக்குள் சின்ன பல்ப் ஒன்று இரவும் பகலும் எரியும். இப்போது இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல் மணியும் போதும். மணி நிறம் மாறினால் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து மறுபடி போடுங்கள். வாரத்துக்கு ஒரு நாள் எடுத்துப் பாவியுங்கள், பாவிக்கிற லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது அபூர்வம்.

ஏசி பஸ்ஸில் வந்து இறங்கியதும் கெமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படியும். பையோடு கால் மணி நேரம் விடுங்கள். துடைக்கச் சாரத்து நுனி வேண்டாம், சுத்தமான பழைய பருத்தி லேஞ்சி இரண்டு வையுங்கள், ஒன்று நனைந்தால் மற்றது.

11. இரத்தம் குடிக்கிற அட்டை. காற்சட்டையைக் காலுறைக்குள் சொருகி, மேலே சவர்க்காரம் தேயுங்கள். ட்ரைபொட் காலிலும் ஏறும்.

12. படத்தின் பின்னால் எழுதுங்கள்.

தேதி, தோட்டம், மலை நம்பர், மழையா வெயிலா. போனில் எல்லாம் தானாகப் பதிகிறது என்பீர்கள். அது மணியைப் பதியும், இடத்தைப் பதியும். அந்த இடத்துக்கு மூன்றாம் நம்பர் மலை என்று பெயர் என்பதும், அங்கே அன்று காலை பெய்த மழையில் வெட்டு நின்றது என்பதும் அதற்கு எங்கே தெரியும்? லயங்களை இடித்து வீடு கட்டுகிறார்கள், ரப்பரைப் பிடுங்கி வேறு பயிர் வைக்கிறார்கள். இருபது வருஷத்தில் எந்த மலை எது என்று கேட்க ஆள் இருக்காது.

சில வருஷங்களுக்கு முன் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு பையன் எனக்குப் போன் செய்தான். அவனுடைய பாட்டியின் பெட்டியில் ஒரு படம் கிடைத்ததாம். அனுப்பினான். ஈரம் பட்டு ஓரம் கருத்த, இஸ்தோப்பில் வரிசையாக நிற்கிற குடும்பம். பின்புறத்தையும் படமெடுத்து அனுப்பியிருந்தான். என் கையெழுத்துத்தான். லய நம்பர், ஜூன் மாதம், "மழை விடவில்லை". ஸ்டூடியோ முத்திரையை வைத்து விசாரித்து விசாரித்து என்னைப் பிடித்திருக்கிறான். நடுவில் கண் மூடி நிற்பது தன் பாட்டியா, அவருடைய தங்கையா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பெயர்களை நான் எழுதவில்லை. தேதியோடு பெயர்களையும் எழுதுங்கள்.

13. குடை.

இதை முதலாவதாகவே எழுதியிருக்க வேண்டும். பெரிய குடையாக வாங்குங்கள், கறுப்பு அல்லது வெள்ளை. சிவப்பு, நீலக் குடையைப் பிடித்தால் அந்த நிறம் முகத்தில் விழும், பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அழ வேண்டியிருக்கும். பிடிக்க ஒரு ஆளையும் கூட்டிப் போங்கள், இரண்டு கையும் கெமராவுக்கு வேண்டும். என்னுடையது மரப்பிடி வைத்த கறுப்புக் குடை, முப்பது வருஷம் ஆகிறது. இப்போது வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது, மலைப் பக்கம் ஒரு வெளிச்சமும் தெரிகிறது. எழுந்து போகலாம் என்று பார்த்தால் குடை ஆணியில் இல்லை. பேத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டாள், கெமராவையும்.